கொச்சங்காடியில் கலையும் வாழ்வும்

கலை என்பது வயிறு நிறைந்தபின் தேடும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் எக்காலத்தும் உளர். உழைப்பு வேறு, இசை வேறு. அங்காடி வேறு, அரங்கு வேறு என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு ஒத்ததன்று. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை வகுத்துரைக்குங்கால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். மக்கள் எதை உண்டனர், என்ன தொழில் செய்தனர் என்று கேட்பது போலவே, எப்பறையை முழக்கினர், எந்த யாழை மீட்டினர் என்று கேட்பதும் அவ்விலக்கணத்தின்படி தேவையான கேள்வியாயிற்று. உணவும் இசையும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. இளங்கோவடிகளும் உழவர் பாடிய ஏர்மங்கலத்தையும் களத்தில் எழுந்த முகவைப் பாட்டையும் தம் காப்பியத்துள் போற்றி வைத்தார்.

இவ்வுண்மையை வரலாற்றின் வழியே காண்பதற்கு நாம் சேரநாட்டுக் கரையில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்துகொள்வோம். அது கொச்சி நகரின் மட்டாஞ்சேரியைச் சார்ந்த கொச்சங்காடி. பெரும் நூல்களில் ஓரிரு வரிகளே பெற்றுள்ள இச்சிற்றிடம் நமக்குக் கற்பிக்கும் பாடமோ சிறியதன்று.

ஊரும் பெயரும்

கொச்சங்காடி என்னும் பெயரின் முற்பகுதியை எவ்வாறு பிரித்துப் பொருள் கொள்ளினும், பிற்பகுதி நமக்கு நன்கு பழகிய சொல்லேயாகும். நாளங்காடி, அல்லங்காடி என்று நம் பழைய நூல்கள் பேசும் அங்காடியே ஈண்டும் நிற்கின்றது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையை மணலால் தூர்த்துக் கொச்சியின் கழிமுகத்தை ஆழப்படுத்தியது என்பது வரலாற்றார் பலர் ஏற்கும் கூற்று. முசிறி என்னும் பெயரைச் சங்கப் பாடல்கள் வழியே நாம் அறிவோம். யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட அத்துறையின் வாணிகம் மெல்ல மெல்லக் கொச்சிக்கு இடம் பெயர்ந்தது. வணிகரும் உடன் பெயர்ந்தனர்.

அவ்வாறு பெயர்ந்தோருள் யூதரும் இருந்தனர். அவர்கள் கொச்சங்காடியில் ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினர். அதன் காலத்தைக் குறிக்கும் எபிரேயக் கல்வெட்டு 1344-45-ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. அக்கூடம் இன்று இல்லை. அதன் கல் மட்டும் மட்டாஞ்சேரிப் பரதேசிச் செபக்கூடத்தின் வெளிமுற்றச் சுவரில் பதிக்கப்பெற்றுள்ளது. அதே கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்னும் பழைய பள்ளிவாசல் இன்றும் நின்று நிலவுகின்றது; பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பெறும் அப்பள்ளி, கூரையில் செம்புத் தகடு வேய்ந்தமையால் இப்பெயர் பெற்றது. செம்பு இட்ட பள்ளி என்று சொன்ன அளவில் பொருள் விளங்காத தமிழர் இரார். மறைந்துபோன யூதர் கூடமும் நிலைத்து நிற்கும் இசுலாமியர் பள்ளியும் ஒரே அங்காடியின் நினைவுகளாக விளங்குதல் இவ்வூரின் இயல்பை ஒருவாறு உணர்த்தும்.

செப்பேட்டில் முழங்கிய பறை

கொச்சி யூதரின் வரலாற்றுக்கு அடிப்படையாக விளங்குவது பாசுகர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய செப்பேடு. வட்டெழுத்திலும், வடசொற்களுக்குக் கிரந்த எழுத்திலும் பொறிக்கப்பெற்ற அவ்வேடு ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் துணிபு. யோசேப்பு ரப்பான் என்னும் வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் மன்னன் அதன்கண் அளித்தான். அதன் மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் இரண்டாகப் பிரிந்து முற்றாத நிலையைக் காட்டுவது. பயிற்சியுடைய தமிழ் மாணவர் இன்றும் அதன் பெரும்பகுதியைப் பொருள் உணர்ந்து படிக்கலாம்.

அவ்வுரிமைகள் யாவை என்று நோக்குவோம். சுங்கம் பெறும் உரிமையும், வரி நீக்கமும் அதன்கண் உள. வணிகனுக்கு இவை பயன்படும் என்பது வெளிப்படை. ஆனால் அவற்றோடு பகலில் விளக்கேந்திச் செல்லுதல், நடக்கும் வழியில் துணி விரித்தல், பல்லக்கு ஊர்தல், குடை பிடித்தல், வாயிலில் தோரணம் கட்டுதல் ஆகியனவும், பறை முழக்குதல், காகளம் ஊதுதல் ஆகியனவும் எண்ணப்பெறுகின்றன. வரி விலக்கு எழுதிய அதே எழுத்தாணி பறைக்கும் காகளத்துக்கும் உரிமை எழுதிற்று.

இதன் பொருள் யாது? அக்காலத்தில் ஒரு குடி தன் திருமணத்தில் தெருவெங்கும் இசை முழங்கச் செல்லுதல் வெறும் களியாட்டமன்று. அது அக்குடியின் மானம். எக்குடி முழக்கலாம், எக்குடி முழக்கலாகாது என்னும் வரையறை வலுவாக நின்ற சமூகத்தில், கடல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டம் ஊரவர் கேட்கப் பறை முழக்கலாம் என்று அரசன் எழுதிக் கொடுத்தமை, நீவிர் இம்மண்ணினர் என்று கூறியதற்கு ஒப்பாகும். இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. உரிமை என்று ஒருவர்க்கு எழுதப்பெற்றமையே பிறர் பலர்க்கு அது மறுக்கப்பெற்றிருந்தது என்பதற்குச் சான்று. இசை அன்றாட வாழ்வுக்குத் தேவையற்றதாயின், அதை அளிப்பதற்குச் செப்பேடும் வேண்டா. மறுப்பதற்குக் கட்டுப்பாடும் வேண்டா.

பெண்டிர் காத்த பாட்டேடுகள்

அரசன் அளித்த காகளத்தின் ஓசை காற்றோடு போயிற்று. அரசன் அளிக்காத ஓர் இசைச் செல்வம் அச்சமூகத்துப் பெண்டிரிடத்தே வளர்ந்தது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயச் சொற்கள் விரவிய மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடி வந்தனர். திருமணத்திற்குரியவை, வாழ்த்துக்குரியவை, விவிலியக் கதைகளை விரிப்பவை, தத்தம் செபக்கூடங்களின் பெருமையைச் சொல்பவை, கைகொட்டி வட்டமாக ஆடுதற்குரியவை என அவை பல வகைப்படும். கிளி அப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் பறவை. கிளியை விளித்துப் பாடும் மரபு நமக்கும் உரியதாகலின், அதன் இனிமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு செய்தி சிறப்பாகக் கருதத் தக்கது. ஆடவர் செவிப்படப் பெண்டிர் பாடலாகாது என்னும் கட்டுப்பாடு யூத சமூகங்கள் பலவற்றில் நிலவி வந்தது. கொச்சியிலோ பெண்டிர் ஆடவர் முன்னிலையிலேயே பாடினர். ஆடவரும் அதனை மதித்துக் கேட்டனர். திருமண வீட்டில் பல நாள் நடைபெற்ற சடங்குகளுள் ஒவ்வொன்றிற்கும் உரிய பாடல் இருந்தது. அப்பாடல் இன்றேல் அச்சடங்கு நிறைவுறுவதில்லை. பாடியவர் எவரும் தொழில்முறைப் பாடகியர் அல்லர். அடுப்படியிலும் முற்றத்திலும் வேலை செய்து வந்த தாய்மாரும் பாட்டிமாருமே.

அவர்கள் அப்பாடல்களைக் குறிப்பேடுகளில் கையால் எழுதி வைத்தனர். தாயின் ஏட்டைப் பார்த்து மகள் எழுதினாள். ஒரு வீட்டு ஏட்டைப் பார்த்து மற்றொரு வீட்டினர் எழுதினர். பழைய மலையாள வழக்குகள் பல அவ்வாறு எழுத்தில் நின்றன. அவற்றுட் சில தமிழர் செவிக்கு அந்நியமாகா. மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவரில் கொச்சி மன்னர் இராமாயணக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டுவித்தனர். துயிலும் அறையிலும் கலை வேண்டும் என்று மன்னன் கருதியது போலவே, திருமண முற்றத்தில் கலை வேண்டும் என்று அப்பெண்டிர் கருதினர். மன்னனுக்கு ஓவியரும் சுவரும் இருந்தன. இவர்களுக்கு இருந்தவை ஒரு குறிப்பேடும் நினைவாற்றலுமே.

1950-களில் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் இசுரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். புதிய நாட்டில் புதிய மொழி. பாலை நிலத்தில் உழவும் கோழி வளர்ப்புமாகப் புதிய தொழில். பிள்ளைகள் பேசியது எபிரேயம். மலையாளப் பாடலுக்குரிய திருமணமும் முற்றமும் மாறிவிட்டன. பாடும் வாய் குறைந்தது. கேட்கும் செவி அதனினும் குறைந்தது. பெட்டியின் அடியில் கிடந்த குறிப்பேடுகளே எஞ்சின.

அந்நிலையில் சிலர் விழித்துக்கொண்டனர். கொச்சியில் 1912-இல் பிறந்து 1951-இல் இசுரேலுக்குச் சென்ற ரூபி டேனியல் அம்மையார் அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பார்பரா ஜான்சன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரோடு இணைந்து தம் வாழ்க்கை நினைவுகளை 1995-இல் நூலாகவும் வெளியிட்டார். கேரளத்தில் பி. எம். ஜூசே போன்றோர் பாடல்களைத் தேடித் தொகுத்தனர். 2004-இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அப்பாடல்களை ஒலித்தட்டாக வெளியிட்டது. அழகிய கிளியை விளிக்கும் தொடரே அதற்குப் பெயராயிற்று. 2005-இல் ஸ்கரியா சக்கரியா, ஒஃபீரா கம்லியேல் ஆகியோர் பதிப்பித்த பாடற்றொகுதி எருசலேமில் வெளிவந்தது. அதன் பெயர் கார்குழலி. கடல் கடந்த நாட்டில் அச்சேறிய நூலின் முகப்பில் இச்சொல் நிற்கக் காணும் தமிழர் உள்ளம் ஒரு கணம் நெகிழாதிராது.

அண்ணாவியின் அரங்கு

கொச்சிக் கரையில் தமிழின் தடம் மிகத் தெளிவாகத் தோன்றும் கலை சவிட்டு நாடகம். சவிட்டுதல் என்பது மிதித்தல். மர மேடையைக் காலால் ஓங்கி மிதித்து ஆடிப் பாடும் இக்கூத்து, போர்த்துகீசியர் வருகைக்குப்பின் கடற்கரைக் கத்தோலிக்க மக்களிடையே வளர்ந்தது. இதன் பழைய சுவடிகள் தமிழ்ச்சொல் மிக்க மொழியில் அமைந்தவை. ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனின் கதையைக் கூறும் காறல்மான் சரிதத்தை இயற்றியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. கூத்துப் பயிற்றும் ஆசிரியரை அண்ணாவி என்று வழங்கும் வழக்கம் ஈழத்து மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளில் அண்ணாவியார் என்னும் வடிவில் இன்றும் நிலவுகின்றது. ஆகவே தமிழகம், சேரநாடு, ஈழம் ஆகிய மூன்று கரைகளையும் இச்சொல் இணைக்கின்றது எனலாம்.

பகலெல்லாம் வலை வீசியவரும் சுமை சுமந்தவரும் இரவில் அண்ணாவி முன் நின்று அடிகளை மனப்பாடம் செய்து, பிரான்சு நாட்டு வீரராகவும் அரசராகவும் வேடம் புனைந்தனர். ஓர் இரவேனும் அவர்கள் தலையில் முடியிருந்தது. அவர்கள் மிதித்த மேடை அதிர்ந்தது. மறுநாட் காலை அவர்கள் மீண்டும் படகுக்கே சென்றனர். எனினும், முன்னாள் இரவு ஊர் முழுதும் தம்மைக் கேட்டது என்னும் நினைவு அவர்களோடு படகில் ஏறிச் சென்றது. கலையின் மதிப்பை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறொன்றை நாம் அறியோம்.

துறைமுகத்துப் பாடகர்

மட்டாஞ்சேரி மிளகும் இஞ்சியும் மணக்கும் பண்டகசாலைகளின் ஊர் மட்டுமன்று. கடுந்துயர் கண்ட தொழிலாளர் ஊருமாகும். துறைமுகத்தில் அன்றன்று வேலை பெறுவோர்க்குச் சாப்பா எனப்படும் உலோக வில்லை வழங்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. கூட்டத்தின் நடுவே வில்லைகளை வீசி எறிவர்; முட்டி மோதி எடுத்தவனுக்கு அன்று வேலை; எடுக்காதவனுக்குப் பட்டினி. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட, தொழிலாளர் உயிர் இழந்தனர். அத்துயரம் முதலில் நாடகமாயிற்று, கே. எம். சிதம்பரன் எழுதிய அந்நாடகத்தைத் தழுவித் துறைமுகம் என்னும் திரைப்படம் 2023-இல் வெளிவந்தது. எழுபது ஆண்டுகளுக்குப்பின் பிறந்தோரும் அவ்வில்லையின் கொடுமையை அறிவது கலையால் அன்றோ?

அவ்வூரின் மைந்தரே மெஹ்பூப் என்னும் பாடகர். 1926-இல் பிறந்து 1981-இல் மறைந்த இவர், 1954-இல் வெளிவந்த நீலக்குயில் முதலிய மலையாளத் திரைப்படங்களில் பாடினார். எனினும் கொச்சி மக்கள் அவரைத் திரைப்பாடகராக மட்டும் நினைவுகூர்வதில்லை. திருமண வீடுகளிலும், நண்பர் கூடும் மாடியறைகளிலும், தெருமுனைகளிலும் அவர் பாடிய பாடல்களே அவர்தம் புகழுக்கு வேர். குசராத்தியரும் கச்சியரும் தக்காணி முசுலிம்களும் கொங்கணியரும் தமிழரும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் இந்துத்தானி இசை எளிதில் வேரூன்றிற்று. ஓர் ஆர்மோனியமும் ஓர் இணைத் தபலாவும் இருந்தால் அங்கு ஒரு மெஹ்பில் கூடிவிடும். வேலை முடித்து வந்த சுமைதொழிலாளியும் கடையைச் சாத்திவிட்டு வந்த வணிகரும் ஒரே பாயில் அமர்ந்து கேட்டனர். பகலில் அவர்களைப் பிரித்த கூலியும் விலையும் அவ்விரவில் சிறிது நேரம் விலகி நின்றன. இசை அவ்வேறுபாடுகளைப் போக்கிவிட்டது என்று நாம் மிகைபடக் கூறமாட்டோம். போக்குதல் இசையின் தொழிலன்று. அருகில் அமர்ந்திருப்பவனும் தன்னைப்போல் தலையசைக்கின்றான் என்று காணச் செய்தலே அதன் தொழில்.

பெயர்ந்த பலகையும் எஞ்சிய பாட்டும்

இனி, நம் நெஞ்சை வருத்தும் ஒரு செய்திக்கு வருவோம். மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்னும் செபக்கூடம் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்தது. கேரளத் தச்சர் செதுக்கிய அதன் மரவேலைப்பாடுகள் பெரும் புகழ் வாய்ந்தவை. குடிபெயர்வின்பின் அது கைவிடப்பட்டது. கட்டடம் பிறர் கைக்கு மாறிப் பண்டகசாலையாகவும் பயன்பட்டது. அதன் உட்புற மரப்பலகைகள் 1991-இல் எடுத்துச் செல்லப்பெற்று, எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பெற்றன. உலகெங்குமிருந்து வருவோர் கேரளத் தச்சரின் கைத்திறனை அங்குக் கண்டு வியக்கின்றனர். மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடத்தின் முன்பகுதியோ 2019-ஆம் ஆண்டு மழையில் இடிந்து வீழ்ந்தது.

பலகை காக்கப்பெற்றது நன்றே, அதில் ஐயமில்லை. ஆயினும் அருங்காட்சியகத்தில் நிற்கும் பலகை ஒரு வாழ்க்கையிலிருந்து வேறாகிவிட்ட பலகை. அதன் அருகே திருமணமில்லை, பாட்டில்லை, நாட்பட நாட்படக் கைபட்டு மெருகேறும் இயல்பில்லை. குறிப்பேட்டுப் பாடலோ எங்குச் சென்றாலும் எவரேனும் ஒரு மூதாட்டி வாய் திறந்து பாடிய அளவில் மீண்டும் உயிர் பெறுகின்றது. இசுரேலில் முதுமையுற்ற பெண்டிர் சிலர் குழுவாகக் கூடி அப்பாடல்களை மறுபடி பாடியபோது இதுவே நிகழ்ந்தது. பொருளைக் காப்பதற்குக் கூடம் வேண்டும். பாட்டைக் காப்பதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கம் அற்றுப்போன இடத்தில் ஏடு ஒரு விதையாக நின்று உதவும். ஏடும் இல்லையேல் மீட்க வழியில்லை.

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் சாரா கோகன் என்னும் மூதாட்டி தம் கையால் பூத்தையல் வேலை செய்து விற்று வந்தார். தொழுகைக்குரிய தொப்பியும், திருநாள் உணவை மூடும் துணியும் அவர் ஊசியில் அழகு பெற்றன. 2019-இல் தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். உணவை மூடுதற்கு எத்துணியும் போதும். ஆயினும் அதில் ஒரு பூவைத் தைக்க வேண்டும் என்று ஒரு கை விழைந்ததே, அதுதான் நாம் இக்கட்டுரையில் தேடிவந்த கலை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய கொச்சி முசிறி இருஆண்டுக் கலைவிழா, பழைய பண்டகசாலைகளில் உலக ஓவியரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்துப் பெரும் புகழ் எய்தியுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் அவ்விழா நடைபெறும் அதே தெருக்களில் துணி தைத்தவரும், பாட்டெழுதியவரும், மேடையை மிதித்தவரும் பல நூற்றாண்டுகளாக விழா எடுக்காமலே கலை செய்து வந்தனர் என்பதை விருந்தினர்க்கு எடுத்துரைப்பது அவ்வூரார் கடன்.

நம் கடன்

பிறர் கதையைக் கூறி மகிழ்தல் எளிது. கொச்சி யூதப் பெண்டிரின் நிலை நமக்கும் அயலானதன்று. தமிழர் குடும்பங்கள் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்ந்து வாழும் காலம் இது. நம் வீடுகளில் பாட்டிமார் பாடிய தாலாட்டும், நலங்குப் பாட்டும், ஊஞ்சற் பாட்டும், நடவுப் பாட்டும், ஒப்பாரியும் எத்துணை இன்று எவர் நினைவில் உள்ளன? உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் நடந்து பனையேடுகளைத் தேடினார். அதனால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அலுவலர் தொகுத்த நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958-இல் மலையருவி என்னும் பெயரில் பதிப்பித்தார். பேராசிரியர் நா. வானமாமலை தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தளித்தார். இவர்கள் செய்தது பெரும்பணி. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பாட்டையும் தேடி அறிஞர் வருவர் என்று காத்திருத்தல் இயலாது.

கொச்சி யூதப் பெண்டிர் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. தம் பாட்டு அரியது என்றோ, ஆய்வாளர் அதனைத் தேடி வருவர் என்றோ அவர்கள் எண்ணி எழுதியதாகவும் தெரியவில்லை. அடுத்த திருமணத்திற்கு வேண்டும் என்றே எழுதினர். அன்றாடத் தேவைக்காக எழுதிய அவ்வெழுத்தே, அன்றாட வாழ்வு குலைந்தபோது அவர்தம் வரலாறாக நின்றது. ஆகவே நம் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரிடத்தும் நாம் வேண்டுவது மிகச் சிறிய பணியேயாகும். வீட்டில் பாடத் தெரிந்த முதியவர் இருப்பின், அவர் அருகே அமர்ந்து, அவர் பாடும் சொல்லை அவர் பாடியவாறே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்; எந்த ஊர், எந்தச் சடங்கு, யாரிடம் கற்றார் என்பவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். இயலுமாயின் குரலையும் பதிவு செய்க. அடுத்த மங்கல நிகழ்ச்சியில் ஒலிபெருக்கியைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு அப்பாட்டைப் பாடச் செய்க.

கொச்சங்காடியின் தொழுகைக் கூடம் மறைந்து அதன் கல் ஒன்றே எஞ்சியது. அக்கல்லை வேறொரு சுவரில் எடுத்துப் பதித்த கைகளுக்கு நாம் நன்றி உடையோம். நம் வீட்டுப் பாட்டுக்கு அத்தகைய சுவராக ஒரு குறிப்பேடேனும் அமைவதாக.